நடுச்சுவருக்கு மேலே

குழாயடியில் சண்டை போட்ட நாளிலிருந்து பக்கத்துக் காம்பராவோடு பேச்சே கூடாது என்று பாக்கியலெட்சுமி மகளுக்குக் கட்டளை போட்டிருந்தாள். ஒரே கூரையின் கீழ் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிநிற்கும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா? நடுச்சுவர்தான் கூரையைத் தொடுவதே இல்லையே.

ஒரு நாள் மாலை மகள் விஜிதா இருபடிக் கோவையொன்றைக் காரணிப்படுத்த முடியாமல் வாய்விட்டுப் புலம்பினாள்.

"பெருக்கினா இருபத்திநாலு வரணும், கூட்டினா பதினொன்னு வரணும். நாலும் ஆறும் போட்டா பத்துதானே வருது!"

"மூணும் எட்டும் போடு!" சுவருக்கு மேலாக வந்தது அவளுடைய வகுப்புத் தோழி, பக்கத்துக் காம்பராத் தயானியின் குரல்.

விஜிதா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பாக்கியலெட்சுமி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த கணக்கை விஜிதா பயந்து வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்.

"சத்தமாப் படி," என்றாள் பாக்கியலெட்சுமி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே. "அந்தப் பக்கம் கேக்க வேணாமா?"