மடிப்புக் கலையாத ஜாக்கெட்

என் தம்பி ஜான்டிக்கு மலை ஓட்டப் பந்தய விதிகள் என்றாலே வேப்பங்காய். மழை ஜாக்கெட், கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில் எல்லாம் பையில் இருந்தால்தான் ஓட விடுவார்கள். அப்பா காலத்தில் பனியனும் ஒரு புதினா மிட்டாயும் போதுமாயிருந்தது என்பான். தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் மலையேறவே கூடாது என்பது அவன் கட்சி.

ஆனாலும் பை சோதனையில் அவன் மாட்டியதே இல்லை. கொண்டுபோக வேண்டும் என்றுதானே விதி, போட்டுக்கொள்ள வேண்டும் என்று இல்லையே என்பான். எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இந்தப் புத்திதான். ஜாக்கெட் இடுப்புப் பையில் பத்திரமாக இருக்கும், ஆள் நனைந்துகொண்டு ஓடுவான். ஜான்டியின் ஜாக்கெட்டை மடித்து வைத்துக் கொடுத்தது நான்.

அந்த வருடம் கணவாயில், ஓடுகிறவர்களின் எண்களைக் குறிக்கும் வேலை எனக்கு. ஜான்டி வரும்போது மழையோடு பனியும் சேர்ந்து அடித்தது. பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது, உதடு நீலம். ஜாக்கெட்டைப் போடு என்றேன்.

"நின்னா மூணு பேர் தாண்டிடுவாங்கக்கா."

"தாண்டட்டும்டா. போட்டுட்டுப் போ."

"கீழ போய்ப் போட்டுக்கறேன். நீ எண்ணைக் குறி."

தள்ளாடினால், பேச்சுக் குழறினால் நிறுத்தலாம். அதுதான் எனக்கு இருந்த அதிகாரம். வேண்டுமென்றே எங்கள் நாயின் பெயரைக் கேட்டேன். பெயரைச் சொல்லி, நாய்க்கு உன்னைவிட அறிவு அதிகம் என்றும் சேர்த்துச் சொன்னான். குழறவில்லை. நான் அவன் பையைப் பிடித்தேன், என் கையைத் தட்டிவிட்டு மூடுபனிக்குள் இறங்கிவிட்டான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒழி என்றுகூட முணுமுணுத்தேன்.

கீழே எண் குறிக்கும் அடுத்த இடத்தில் இருந்தவர்கள் வாக்கிடாக்கியில் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவனுக்குப் பின்னால் போனவர்களின் எண்கள் வந்தன. அவனுடையது வரவில்லை. திரும்பக் கேட்டேன், இல்லை என்றார்கள். மீட்புக் குழுவைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். கிளம்பிவிட்டார்கள், நீ இடத்தை விட்டு நகராதே என்று பதில் வந்தது. கடைசி ஆள் வரும்வரை நகரக்கூடாது, அதுவும் விதி. நடுங்கிக்கொண்டு வந்தவர்களை நிறுத்தி நிறுத்தி ஜாக்கெட் மாட்டிவிட்டேன். எல்லோரும் பேசாமல் கையை நீட்டினார்கள். என் தம்பி கீழே எங்கோ கிடக்கிறான், நான் ஊரான் பிள்ளைகளுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்டுப்பட்டிச் சுவரோரம் உட்கார்ந்த நிலையில் கண்டெடுத்தார்கள். உயிர் இல்லை. இடுப்புப் பையை முன்பக்கம் திருப்பி வைத்திருந்தான். ஜிப்பில் அவன் பல் பதிந்த தடம் இருந்தது. உள்ளே ஜாக்கெட், நான் மடித்த மடிப்பு கலையாமல், காய்ந்து கிடந்தது.

போட்டுக்கொள்ளவும் வேண்டும் என்று விதியை மாற்றலாமா என்று பந்தயக் கமிட்டியார் வந்து கேட்டார்கள். செய்யுங்கள் என்றேன். அவன் இருந்திருந்தால் அதற்கும் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருப்பான்.

அவர்கள் போனதும் அவன் பையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய், விரல் மரத்துப்போகும்வரை தண்ணீரில் கையை வைத்திருந்தேன். பிறகு அந்த ஜிப்பைத் திறக்கப் பார்த்தேன். விரல் பிடிக்கவில்லை. பல்லால் இழுக்கலாம் என்று குனிந்தேன். பையை வாய்வரை தூக்கவும் கை வேண்டியிருந்தது.