உபதேசியார் வயிற்றுக்குள்ளே

செர்டாங் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், தவக்காலம் வந்தால் ஆட்டுக்கும் கோழிக்கும் கொண்டாட்டம். உபதேசியார் இஞ்ஞாசிமுத்துவின் மூக்குக்குப் பயந்து, கிறிஸ்தவர் வீட்டு அடுப்பில் நாற்பது நாளும் கறி ஏறாது. பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் கோயிலில் செபம் சொல்வதும் பிரசங்கம் வைப்பதும் இவர்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து வழியாகப் போகும்போது எந்த வீட்டிலாவது மசாலா வாசம் வந்துவிட்டால் போதும், அடுத்த ஞாயிறு அந்த வீட்டுக்காரனைப் பெயர் சொல்லாமலே கிழித்துத் தொங்கவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் 1986-ஆம் வருடத்துப் பெரிய வெள்ளியன்று, சிலுவைப்பாதையின் பன்னிரண்டாம் ஸ்தலத்தில், ஆண்டவர் உயிர்விடும் இடத்தில், செபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்து ரத்தமாக வாந்தி எடுத்தார்.

அந்த ஸ்தலத்தில் எல்லாரும் முழந்தாளில் இருக்க வேண்டும் என்பது முறை. ஆகவே ஒருவரும் எழவில்லை. முன்வரிசையில் இருந்த பாப்பம்மா மட்டும் இரண்டு கைகளையும் தூக்கி, "ஆண்டவரே! எங்க உபதேசியார் மேல எறங்கிட்டீங்களே!" என்று அலறினாள். அவ்வளவுதான், கூட்டம் முழுக்க நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. யாரோ அவருடைய சட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இஞ்ஞாசிமுத்துவுக்குக் காது அடைத்தது. தம்மைப் புனிதராக்கிவிட்டார்கள் என்று மங்கலாகப் புரிந்தது. சாகப்போகிறோம் என்பது அதைவிடத் தெளிவாகப் புரிந்தது.

அவர் மனைவி கேதரின்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அற்புதமாவது ஒண்ணாவது! மனுசன் சாகக் கெடக்குறாரு. வடிவேலு தம்பிய வேன எடுக்கச் சொல்லுங்க லா!"

தோட்டத்து முகப்பில் மளிகைக் கடை வைத்திருந்த வடிவேலு, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வேனோடு வந்தான். பின் சீட்டில் கேதரின் மடியில் அவர் தலை. பக்கத்தில் பாப்பம்மா, யார் சொல்லியும் இறங்க மாட்டேன் என்று, கையில் செபமாலையோடு. வடிவேலு ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் அவரைப் பார்ப்பதும், வேர்வையைத் துடைப்பதுமாக இருந்தான். அவனுக்கும் இஞ்ஞாசிமுத்துவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது.

காலையில் மெழுகுவர்த்தி வாங்க அவன் கடைக்குப் போயிருந்தார். முட்டிவலிக்காகச் சீனர் மருந்துக் கடை மாத்திரையைத் தவக்காலம் முழுக்க வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருந்தவர் அவர். அன்று வயிறு நெருப்பாய் எரிந்தது. எதையாவது தின்றால் சற்று அடங்கும் என்பது அனுபவம். ஒரு துண்டு ரொட்டி போதும் என்றுதான் கடைக்குப் பின்கட்டில் போய் உட்கார்ந்தார். அங்கே அடுப்பில் காட்டுப்பன்றிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சைவம் என்று பெண்டாட்டியிடம் சத்தியம் செய்துவிட்டுக் கடையில் ரகசியமாக ஆக்கித் தின்கிறவன் வடிவேலு. திருட்டுத்தனத்துக்குத் துணை கிடைத்த சந்தோஷத்தில் அவன் தட்டை நீட்டினான். 'ஒரே ஒரு துண்டு' என்று தொடங்கியது, கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டும் வரை போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தர்மலிங்கம் என்ற இளைஞர் நாடி பார்த்தார், கையில் ரத்தம் ஏற்றினார், மாத்திரைக் கதையைக் கேட்டுக்கொண்டார். "வயித்துல புண்ணு ஐயா. அதுலருந்துதான் ரத்தம் வருது. முன்னெல்லாம் வயித்தக் கிழிச்சுதான் நிறுத்தணும். இப்ப வாய் வழியா குழாய் விட்டு, புண்ணைக் கண்ணால பாத்து, அங்கேயே ஊசி போட்டு நிறுத்திடலாம்." மேசையில் நுனியில் விளக்கு வைத்த கறுப்புக் குழாய் நீளமாகச் சுருண்டு கிடந்தது. இஞ்ஞாசிமுத்து அதைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

கேதரின் முந்திக்கொண்டாள். "நேத்து ராத்திரியோட சரி டாக்டர். இன்னிக்கு ஒருசந்தி. பச்சத்தண்ணி பல்லுல படல." சொல்லும்போதே அவள் கழுத்து பெருமையில் நிமிர்ந்தது. இஞ்ஞாசிமுத்து கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வடிவேலு சுவர்ப் பக்கம் திரும்பி இருமினான்.

"நல்லதாப் போச்சு. வயித்துல சாப்பாடு கெடந்தா, மயக்கத்துல அது மேல வந்து நுரையீரலுக்குள்ள எறங்கிடும். அப்புறம் ரத்தத்த நிறுத்தியும் ஆளக் காப்பாத்துறது கஷ்டம்." டாக்டர் மயக்க மருந்தை ஊசியில் ஏற்றத் தொடங்கினார்.

"அண்ணே..." என்றான் வடிவேலு.

உண்மையைச் சொன்னால் கோயிலில் இனி தலைகாட்ட முடியாது. வாசத்துக்கே ஊரைக் கிழித்தவர், சட்டியையே வழித்தவர் என்று ஆகிவிடும். சொல்லாமல் செத்தால் புனிதர். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மாலை போட்ட படம். வெட்கக்கேடு என்னவென்றால், ஒரு நிமிஷம் அந்தப் படம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. அப்போது கேதரின் சேலைத் தலைப்பால் அவர் மோவாயில் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்தாள். இவளை அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்த விட்டுவிட்டா போவது?

"டாக்டர், நில்லுங்க. நான் காலையில சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"காட்டுப்பன்றி. ரொட்டியோட. வயிறு முட்டச் சாப்பிட்டேன்."

பாப்பம்மாவின் செபமாலை பாதி மணியில் நின்றது. கேதரினின் நிமிர்ந்த கழுத்து தாழ்ந்தது. டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "தப்பிச்சீங்க ஐயா" என்றவர், நர்ஸ் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸி, மொதல்ல வயித்தக் கழுவணும், பெரிய குழாய எடுங்க."

கழுவியது ஒன்றும் மரியாதையான காரியமாக இல்லை, அதை விட்டுவிடுவோம். அதன்பிறகு கறுப்புக் குழாய் உள்ளே போனது வரைக்கும்தான் அவருக்கு நினைவு இருந்தது.

கண் விழித்தபோது சாயங்கால வெயில் ஜன்னலில் விழுந்திருந்தது. தொண்டை புண்ணாய் வலித்தது. வயிற்றில் எரிச்சல் தணிந்திருந்தது. கேதரின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"நின்னுருச்சுங்க! அந்தக் குழாயில படிக்கிற டாக்டருங்க பாக்குறதுக்கு இன்னொரு கண்ணாடி இருக்கு. அதுல என்னையும் பாக்கச் சொன்னாரு. குபுகுபுன்னு வந்துச்சு, ஊசி போட்டாரு, அப்படியே அடங்கிருச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"எம் மேல கோவமா?"

"இல்லாமயா? வீட்டுக்கு வாங்க, வச்சுக்குறேன். இப்ப சந்தோசமா இருக்கேன், கெடுக்காதீங்க."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. இந்த உலகத்தில் இன்னும் திட்டு வாங்க இருக்கிறோம் என்பதே எவ்வளவு பெரிய சந்தோஷம்! கட்டிலின் கால்மாட்டில் பாப்பம்மா நிற்பதை அப்போதுதான் பார்த்தார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாப்பம்மாக்கா, கோயிலுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க. அங்க நிக்க எனக்கு இனிமே மூஞ்சி இல்ல."

"யாரப் பாக்குறது?" என்றாள் பாப்பம்மா. "நீங்களும் எத்தனையோ வருசமா பிரசங்கம் வைக்கிறீங்க. நான் தூங்காமக் கேட்டது, இன்னிக்கு டாக்டருகிட்ட வச்சது ஒண்ணுதான். சீக்கிரம் எந்திரிச்சு வாங்க. வந்து, அதே மாதிரி சுருக்காச் சொல்லுங்க."