பக்கவாட்டில் ஒரு மீன்

கணவரின் முதுகுக்கு இவள் இரண்டு தலையணை கொடுத்து, காய் நறுக்கும் பலகையை அவர் மடியில் வைத்து, பென்சிலை விரல்களுக்கு நடுவே செருகினாள். நழுவியது. மறுபடியும் செருகினாள்.

"இந்த வாரம் என்ன மீன்?" என்றார் கணவர்.

நாத்தனார் கிண்ணத்திலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். "நாக்கு மீன், அண்ணா. மண்ணோட மண்ணா தட்டையா படுத்துக் கிடக்குமே. ரெண்டு கண்ணும் ஒரே பக்கம்."

"படுத்த படுக்கைன்னு சீட்டுக்கே தெரிஞ்சிருக்கு பாரு."

நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்றரை வருடமாக ஞாயிறுதோறும் நடக்கும் போட்டி இது. வாரம் ஒரு மீன், பத்தே நிமிடம், எதையும் பார்த்து வரையக் கூடாது. இருவர் வரைய, மூன்றாமவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். முறை மாறி மாறி வரும். தொழில்புத்தி யாரையும் விடவில்லை. பேக்கரியில் கேக்குகளுக்குக் க்ரீம் பூ வைக்கும் இவளுடைய மீன்களுக்குச் செதிலெல்லாம் பூப்பூவாக இருக்கும். பல்செட் செய்யும் நாத்தனாரின் மீன்கள் ஒன்று விடாமல் பல்லைக் காட்டும். லிஃப்ட் மெக்கானிக்கான அவரோ முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என்று ஒரே மீனை மூன்றாகப் போட்டு, ஓரத்தில் அளவும் எழுதிவிடுவார். ஒரு வாரம்கூட ஜெயித்ததில்லை.

இன்று தீர்ப்பு இவளுடைய முறை. காலையிலேயே நாத்தனார் சமையலறையில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, இன்னிக்கு அண்ணா ஜெயிக்கட்டும். இன்னொரு ஞாயித்துக்கிழமை வருமோ வராதோ."

இவள் கையை விடுவித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவைத்த இந்தப் பத்து நாளில் அவர் எதைச் சொன்னாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். முந்தாநாள் முகம் துடைத்துவிடும்போது அவர் சொன்னார்: "எல்லாரும் ஆமாஞ்சாமி போடறாங்கடி. நான் இன்னும் செத்துப் போகல. நீயாவது சண்டை போடு."

பத்து நிமிடம் ஆனது. அவர் தாளில் ஒரே ஒரு கோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடுங்கிக்கொண்டே போயிருந்தது. அதன் மேல் இரண்டு புள்ளி.

நாத்தனார் தாளில் உருளைக்கிழங்கு மாதிரி ஏதோ ஒன்று. துடுப்பு இல்லை. பல்லும் இல்லை.

அவர் அதைப் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

இவள் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தாள். "இது செல்லாது. உன் மீனுக்குப் பல் எங்க? ஒழுங்கா வரை."

"அண்ணி..."

"வரைன்னு சொன்னேன்."

புறங்கையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து நாத்தனார் வரைந்தாள். இந்த முறை மணலில் ஒரு மீன் மல்லாந்த முழியும் முப்பத்திரண்டு பல்லுமாக வானத்தைப் பார்த்துச் சிரித்தது.

இவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இவதான் ஜெயிச்சா. நீங்க தோத்துட்டீங்க."

"அநியாயம்!" அவர் தலையணையிலிருந்து எழும்பியேவிட்டார். "அது பக்கத்தோற்றம்டி! தட்டை மீனைப் பக்கத்துலேருந்து பாத்தா கோடுதான் தெரியும்!"

"கோடெல்லாம் மீனாகாது."

"கண்ணு ரெண்டும் மேல இருக்கே!"

"துணிக்கொடியில ரெண்டு ஈ உக்காந்த மாதிரி இருக்கு."

"அவ மீனைப் பாரு, முப்பத்திரண்டு பல்லு! கடலுக்குள்ள என்ன கரும்பா கடிக்குது?"

"தோத்தா தோத்துட்டேன்னு ஒத்துக்கோ அண்ணா!" நாத்தனார் கத்தினாள். "சின்ன வயசுலேருந்து உன்னோட இதே ரோதனை!"

அவருக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே இருமல். இரண்டு வாய் தண்ணீர் குடித்தார். "அப்பீல் பண்றேன். சாயங்காலம் விசாரணை," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நாலு மணிக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது மூச்சு நின்றிருந்தது.

பொழுது சாய்வதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த நாத்தனார் இவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு முறை மட்டும், இவள் கடந்து போகும்போது, தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு தடவை அண்ணி. என்ன குறைஞ்சிருக்கும்?" என்றாள்.

இவள் சமையலறைக்குள் போனாள். "நீ உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்," என்று யார் யாரோ சொன்னார்கள். கேட்கவில்லை. பெரிய பாத்திரத்தில் பால் வைத்து, எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நல்லா இருக்கும்மா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அருமைங்க," என்றார் கணவரோடு வேலை பார்த்தவர்.

இவள் திரும்பி வந்து பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் கோப்பையும் கையுமாக வந்து வாசற்படியில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஒரு வாய் குடித்தாள். இவள் முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

"ம்."

"இதுல சர்க்கரையே இல்ல. வாயில வைக்க முடியல."

இவள் திரும்பினாள். ஈரக் கையாலேயே கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். குழாயை மூடினாள்.

நாத்தனார் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொள்ள, இவள் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டாள். இருவருமாகக் கூடத்துக்குப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் கூச்சத்தோடு, முக்கால்வாசி மிச்சமிருந்த தன் கோப்பையை நீட்டினார்.