இரண்டாவது எண்ணிக்கை

கால் கட்டைவிரலுக்கு விலை உண்டென்றால், அது இரண்டு நிமிடம். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்க்க அவ்வளவுதான் ஆகும். சர்க்கரை நோய் காலின் உணர்வைத் தின்றுவிடும். ஆணி ஏறினாலும் ஆளுக்குத் தெரியாது. ஆனால் வாசலில் எப்போதும் முப்பது பேர் காத்திருக்கும் குடும்ப டாக்டருக்கு அந்த இரண்டு நிமிடம் கட்டுப்படியாகவில்லை.

பன்னிரண்டு வருடமாக அவர் இளம் டாக்டர்களுக்குப் பயிற்சியாளரும்கூட. வருடத்துக்கு ஒருவர், ஆளுக்கு ஓர் ஆடிட்: நோயாளிகளுக்குச் செய்யவேண்டியதில் எது விட்டுப்போகிறது என்று ஃபைல்களை எண்ணிப் பார்க்கும் தணிக்கை. "நாப்பது ஃபைலை எடு, எண்ணு, கலர்ல ஒரு படம் போடு, கையெழுத்து வாங்கிக்கோ." அவர் சொல்லிக்கொடுத்த பாடம் மொத்தமும் இதுதான்.

இந்த வருடம் வந்தவள் விடாக்கண்டி. அலமாரியைக் குடைந்து பழைய ஆடிட் ஒன்றை மேசைமேல் போட்டாள்.

"சார், ஆறு வருஷம் முன்னாடி நீங்க கையெழுத்துப் போட்டது. சர்க்கரைக்காரங்க நாப்பது பேர்ல பதினோரு பேருக்குத்தான் கால் பாத்திருக்கோம். அப்புறம் என்ன மாத்தினோம்?"

"அதான் எண்ணியாச்சேம்மா. பாராட்டுகூட வந்துச்சு."

"மறுபடி எப்ப எண்ணினோம்?"

"மறுபடியா?"

கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்தது. குறையைத் திருத்தி, திருந்தியதா என்று திரும்ப எண்ணினால்தான் ஆடிட். இதுவரை வந்த அத்தனை பேருக்கும் பாதியை விற்று முழுசுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அவள் பதினேழாவது வரியில் விரல் வைத்தாள். லாரி டிரைவர், கால் பார்க்கவில்லை. போன மாதம் அவருக்குக் கட்டைவிரலை எடுத்தார்கள். கட்டுப் பிரிக்க வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

"அவர்கிட்ட யார் சார் சொல்றது?"

"நான்தான்."

டிரைவர் நொண்டிக்கொண்டு வந்தார். "என்ன டாக்டர், மூஞ்சி பஞ்சர் ஆன டயர் மாதிரி இருக்கு?"

"உங்க காலைப் பாக்காம விட்டது ஆறு வருஷம் முன்னாடியே எங்களுக்குத் தெரியும். எழுதி, மூடி வச்சுட்டோம். தப்பு என்னோடது."

டிரைவர் கட்டுப் போட்ட காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தெரியாம விட்டுட்டீங்கன்னுல்ல நெனச்சேன். வீட்டுக்காரி திட்டினப்ப உங்களுக்காகச் சண்டை போட்டேன் டாக்டர்."

அந்த மாதம் முழுக்க டாக்டரும் அவளும் பழைய ஆடிட்டின் நாற்பது பேரையும் தேடினார்கள். செத்தவர் மூன்று. இடம் மாறியவர் ஐந்து. வந்து கால் காட்டியவர் இருபத்தேழு. விரல் போனவர் இரண்டு. அதில் டிரைவர் வேறு டாக்டரிடம் போய்விட்டார். இன்னும் வராதவர் மூன்று.