ஒரே தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு பொய்ப்பல்லில் தொடங்கியது. பொய் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதுதானே பொருந்தும் என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது. பல் செட் செய்கிற பட்டறைக்கு என் பல்லை வாங்கப் போனேன். மேசையில், ஈறு செய்கிற இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கில் காசளவு வட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இது யாரோட ஈறுங்க?"

"பவளத்துக்குங்க. வீட்டுத் தொட்டியில வளர்க்கிறேன். கிளையை வெட்டி இதுல ஒட்டி வெச்சா தனியா வளரும்."

இவ்வளவுதான் நிஜம். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரியாக இப்படி எழுதினேன்: ‘கடல் அவனை இரவும் பகலும் அழைத்துக்கொண்டே’ — சீ. அழிக்காமல் விட்டிருக்கிறேன், நான் எவ்வளவு தூரம் இறங்கக்கூடியவன் என்று உங்களுக்கும் தெரியட்டும். கடலாவது அழைப்பதாவது! படகைப் பார்த்தாலே தலை சுற்றுகிற ஆள் அவன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அண்ணன், தம்பி. அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தம்பி பல் செட் செய்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், உப்புத் தண்ணீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பது. அதிலும் அண்ணன்தான் மூத்த பைத்தியம். விரல்விரலாகக் கிளைத்த ஊதாப் பவளம் ஒன்று அவரிடம் இருந்தது. அதிலிருந்து ஒரு விரலை உடைத்து, "வெச்சுக்கோடா" என்று தம்பிக்குக் கொடுத்தார்.

பவளம் லேசுப்பட்ட பிராணி இல்லை. பக்கத்தில் இருப்பதைக் கொட்டும். புதிதாக ஒட்டிய துண்டை நத்தை தள்ளிவிடும், மீன் கொத்தும். அதனால் வெட்டிய துண்டுகளுக்கு என்று தனித் தொட்டி வைக்க வேண்டும் என்பது தம்பியின் கட்சி. பெரிய தொட்டிக்கு ஏதாவது ஆனாலும் வித்து மிஞ்சும். "போடா, ஒண்ணைப் பார்த்துக்கவே நேரமில்ல. சின்னத் தொட்டின்னா சீக்கிரம் தண்ணி கெடும். ஒண்ணை ஒழுங்கா வெச்சா போதும்" என்பது அண்ணன் கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனக்குப் பிடித்த சண்டையே இப்படிப்பட்டதுதான்.*

ஒருநாள் அண்ணனின் தொட்டியில் ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டது. தண்ணீர் சூடேறி எல்லாம் வெந்துபோனது. தம்பி ஓடிப்போய்ப் பார்த்தான். அண்ணன் வெளுத்துப்போன ஊதாப் பவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது தம்பியின் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

அதன் பிறகு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் தொட்டியைக் காலி செய்துவிட்டார். அண்ணி அதில் பழைய பேப்பர் போட்டுவைத்தார்.

* அண்ணன் தம்பி, தனித் தொட்டி என்றதும் தனிக்குடித்தனத்தைக் கண்டுபிடித்துவிட்ட கெட்டிக்காரர்களுக்கு: கல்யாணமானதும் ஒரு சண்டையும் இல்லாமல் தனித்தனியாகப் போனவர்கள் இவர்கள். பவளத்தைப் பவளமாகவே பாருங்கள், புண்ணியமாய்ப் போகும்.

3

போன மாதம் அண்ணி போன் செய்தார். "தம்பி, உங்க அண்ணன் பேப்பரையெல்லாம் எடுத்துட்டுத் தொட்டியில தண்ணி ஊத்திட்டாரு. வாயைத் திறந்து கேக்க மாட்டாரு. அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ‘சும்மா அந்தப் பக்கம்’ வருவாராம். புரியுதா?"

புரியாமலா? தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஊதாவின் வம்சம் உலகத்தில் இவன் தொட்டியில் மட்டும்தான் இருக்கிறது. நல்ல துண்டாக ஒன்று தேற்றி அண்ணன் கையில் கொடுத்துவிட வேண்டும். ‘மன்னிச்சுக்கோ’ என்ற வார்த்தை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராது. இதுதான் அதற்குப் பதில். உடனே தனித் தொட்டிப் பேச்சை எடுத்தான்.

(அவன் மனைவியை முதல் பிரதியில் ராட்சசியாக எழுதிவைத்தேன். மறுபடி படித்தால் அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. ராட்சசி நீக்கப்பட்டாள்.)

"குடிக்கிற தண்ணிக்கே வைக்க இடமில்ல, கடலுக்கு ரெண்டு இடமா?" என்றாள்.

"அண்ணனுக்குத்தான்மா."

அவள் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள். "ஆனா இன்னொரு மோட்டார் சத்தம் கேட்டுச்சு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

இன்னொரு மோட்டார் வேண்டாம் என்றால் ஒரே வழிதான். தம்பி பெரிய தொட்டியிலிருந்து ஒரு குழாயை இழுத்துச் சின்னதில் விட்டான், இன்னொன்றில் திருப்பிவிட்டான். அதே மோட்டார், அதே ஹீட்டர், அதே தண்ணீர். தனித் தொட்டி, தனித் தொட்டி என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் கண்ணாடியை மட்டும் தனியாக வைத்தான். தண்ணீர் ஒன்று என்றால் ஆபத்தும் ஒன்று. அவனுக்குத் தெரியாததா? தெரியும். ‘அடுத்த மாசம் பிரிச்சுடலாம்’ என்று நினைத்துக்கொண்டான்.

துண்டுகள் இளஞ்சிவப்பு வட்டில் பிடித்துக்கொண்டன. "ஈறுல ஊதாப் பல்லு முளைச்ச மாதிரி இருக்குங்க" என்று அவளே வந்து வந்து பார்த்தாள்.

4

ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வருகிறார் என்று அவள் தொட்டியைத் துடைக்கப் போனாள்.

"என்னங்க... கண்ணாடி வெதுவெதுன்னு இருக்கு."

தம்பி சின்னத் தொட்டியில் கை விட்டான். அதுவும் சூடு. இங்கேயும் ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டிருந்தது. ஒட்டுத் துண்டுகள் கொழகொழவென்று சளி விட்டு வெளுக்கத் தொடங்கியிருந்தன. அதே நேரம் வாசலில் மணி அடித்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய்க் குழாயில் ஒரு வால்வு வைத்து, முந்தின நாளே தம்பி அதை மூடிவிட்டதாக எழுதினேன். துண்டு பிழைத்தது. அண்ணன் வந்தார், பையில் வாங்கிக்கொண்டார், "சரி, வரேன்" என்றார், போய்விட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வால்வைப் பிடுங்கிப்போட்டேன். பாவி என்று திட்டுங்கள்.

5

அண்ணன் உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். லிஃப்ட்காரர் அல்லவா, எது எங்கே போகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து, "நான் அப்

[இந்த வாக்கியத்தை இங்கேயே நிறுத்திவிட்டேன். அவருக்கு இதைச் சொல்ல முழு உரிமை உண்டு. சொன்னால் கணக்கு நேராகிவிடும். கதை அங்கேயே செத்துவிடும்.]

தம்பியே ஆரம்பித்தான். "ஒரே தண்ணியா வெச்சுட்டேண்ணா. சொல்லு. நீ சொல்லணும்."

"என்னத்தச் சொல்ல?" அண்ணன் ஹீட்டரின் ஒயரைப் பிடுங்கினார். செருப்பைக் கழற்றினார். முழுக்கையை மடித்துவிட்டார். "ஐஸ் இருக்கா?"

இரண்டு வருஷம் கழித்து அவர் தம்பியிடம் பேசிய பேச்சு அதுதான். தம்பி அழுதேவிட்டான். அவன் மனைவி உறைந்த பாட்டில்களை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு தொட்டியிலும் பாட்டில் மிதக்க, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பவளம் பிழைக்குமா என்று தெரியச் சில நாள் ஆகும். என்னால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. கை அரிக்கும், பிழைக்கவைத்துவிடுவேன். அதனால் பேனா உங்களிடம். ஒரு துண்டாவது துளிர்க்கட்டும், இல்லை எல்லாமே போகட்டும், உங்கள் இஷ்டம். குழாயைப் பிரித்தாலும் சரி, விட்டாலும் சரி.

நான் பாதியில் விட்ட அந்த வாக்கியத்தை மட்டும் முடித்துவிடாதீர்கள்.