மேடைக்குள் நின்ற வேம்பு

மலேசியாவில் பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையோரம், ரப்பர் பால்மரக் காட்டை வெட்டிச் செம்பனை போட்ட பிறகும், அம்மன் கோயிலையும் சுற்றியிருந்த முப்பது வீடுகளையும் யாரும் தொடவில்லை. கோயில் முன்னால் ஒரு வேப்பமரம். மங்களத்தின் புருசன் ஐயாவு பால் டின்னில் விதை போட்டு முளைக்கவைத்து நட்ட மரம். வாரத்தில் நாலு நாள் மழை கொட்டும் ஊரில் வேம்பு தலையெடுப்பதே பெரிய காரியம். அது பத்து வருசம் தழைத்து நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் வருசத் திருவிழாவுக்கு ஐயாவு மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டு மேடை கட்டி, உள்ளே மண்ணைக் கொட்டி நிரப்பினார். சிமெண்டு காய்வதற்குள் மங்களத்தின் கையில் ஓர் ஆணியைக் கொடுத்தார். அவருக்குக் கைநாட்டுத்தான், அவள் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள்.

"பெரிசா எழுது புள்ள. தைப்பிங் டவுன்ல இருந்து பார்த்தாலும் தெரியணும்லா."

'உபயம்: ஐயாவு' என்று எழுதினாள். மறு வருசம் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அவரைப் புதைத்த இடுகாட்டையும் தோட்டத்தின் புது முதலாளி உழுது செம்பனை நட்டுவிட்டான். எந்தக் குழி அவருடையது என்று மங்களத்துக்கே இப்போது அடையாளம் தெரியாது. அவர் பேர் எழுதியிருந்த இடம் உலகத்தில் அந்த மேடை ஒன்றுதான்.

எண்பத்து மூன்று ஐப்பசி மழையில் மரத்தின் இலைகள் மஞ்சளாகப் பழுத்து உதிரத் தொடங்கின. உச்சிக் கிளை மொட்டையானது. அம்மனுக்குக் கோபம் என்றார்கள். பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மாடு வைத்திருந்த செல்லாயி பாலே ஊற்றினாள்.

மங்களம் தோட்டத்து நாற்றங்காலில் பதினோரு வருசம் வேலை செய்தவள். ஒருநாள் மழை விட்டதும் மேடைக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தொட்டி மாதிரி தேங்கிக் கிடந்தது. கையை விட்டு மண்ணை அள்ளி முகர்ந்தாள். புளித்த வாடை. ஒரு வேரைப் பிடித்து இழுத்தாள். தோல் உருவிக்கொண்டு கறுப்பாகக் கையோடு வந்தது. இன்னும் ஆழத்தில் தோண்டியபோது ஒன்றிரண்டு வேர் வெள்ளையாக இருந்தது. மரம் இன்னும் சாகவில்லை.

அன்று அவள் சோறு பொங்கவில்லை. மறுநாள் கோயில் தலைவர் பத்துமலையிடம் போனாள்.

"அண்ணே, அம்மனுக்குக் கோபமில்ல. மரம் தண்ணில முழுகுது. மேடைய உடைக்கணும்."

"என்ன தங்கச்சி பேசுற? உன் வீட்டுக்காரன் பேரு போட்டது. நீ வந்து சொல்லலன்னா ஒருத்தனும் கை வைக்க மாட்டான்."

"அதான் நானே வந்து சொல்றேன்."

"உரம் வாங்கிப் போடலாமே?"

"மூச்சு முட்டுறவன் வாயில சோத்தத் திணிப்பீங்களா?"

பத்துமலை சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சம்மட்டி விழுந்தது. மூன்று பக்கம் உடைந்ததும் பத்துமலை நிறுத்தினார். "பேரு இருக்கிற பக்கம் கெடக்கட்டும் தங்கச்சி. ஒரு பக்கம் இருந்தா என்னா வந்துரும்?"

மங்களத்துக்கும் அந்த ஆசைதான். ஆனால் அந்தப் பக்கம்தான் பள்ளம். தேங்கிய தண்ணீர் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது. அவள் கொஞ்ச நேரம் எழுத்துகளையே பார்த்தாள். பிறகு சம்மட்டியை வாங்கி ஓங்கினாள். மூன்றாவது அடியில் அந்தப் பக்கச் சுவர் பெயர்ந்து விழுந்தது.

கொட்டியிருந்த மண்ணை அள்ளி, பழைய அடிமரம் தெரிகிற மட்டும் இறக்கினார்கள். அழுகிய வேர்களைப் பால்வெட்டுக் கத்தியால் நறுக்கினாள். பள்ளமான பக்கம் சாலை வடிகால் வரை ஒரு வாய்க்கால் வெட்டியாயிற்று. மேலே மண் மூடினாலும் அடியில் தண்ணீர் வடிய, அதை நிரப்பக் கல் வேண்டுமே? உடைந்த மேடையையே போட்டார்கள். பேர் இருந்த துண்டை மங்களம் தானே தூக்கி, எழுத்து மேலே தெரிய வைத்தாள்.

"மண்ணு மூடினா அத யாரு படிக்கப் போறாக்கா?" என்றாள் செல்லாயி.

"படிக்கவா வச்சேன்? தண்ணி போறதுக்கு வச்சேன். நீ பால நிறுத்திட்டுச் சாணியக் கொண்டா. அதையும் மக்க வச்சு, மரத்த ஒட்டாம தள்ளிப் போடு."

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. குடையோடு போய் வடிகால் ஓரம் நின்றாள். வாய்க்கால் முனையிலிருந்து முதலில் கறுப்பாகத் தண்ணீர் வந்தது, நாற்றத்தோடு. பிறகு செம்மண் கலங்கல். மழை விடும் நேரத்தில் தெளிந்து ஓடியது. மரத்தடியில் தண்ணீர் நிற்கவில்லை. அவர் பேர் மேல்தான் அத்தனையும் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மழையில் நனைந்து வேலை செய்த மனுசன், அவருக்கு அது புதிதில்லை.

மூன்று மாதம் மரம் அப்படியே நின்றது. மாசியில் அடிக்கிளையில் செம்புநிறத் துளிர் விட்டது. உச்சிக்கிளை பிழைக்கவில்லை; அதை அறுத்துவிட்டார்கள்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கரகம் கட்ட வேப்பிலை ஒடிக்கப் பத்துமலை ஏணியோடு வந்தார். மங்களம் அடிமரத்தில் கை வைத்தபடி நின்றாள்.

"ரெண்டு கொத்து போதும்ண்ணே. இந்த வருசம் புள்ள நோயில கிடந்து எழுந்திருக்கு."

அவர் இரண்டே கொத்து ஒடித்துக்கொண்டு இறங்கினார்.