சோப்புப் போட்ட வில்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் கூடத்தில் வேலை பார்த்துப் பார்த்து, அவளுக்கு எதைக் கண்டாலும் முதலில் அழுக்குதான் கண்ணில் படும். அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? நாளெல்லாம் கறையோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வேறு எது கண்ணில் படும்?

அவள் மகளுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட கூச்சலுக்காகக் கட்டடம் முழுக்க அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டாசு இப்போது வயலின் கற்றுக்கொள்கிறாள், அதுவும் சத்தமே இல்லாமல்.

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக யாரோ நாலு நல்லவர்கள் சேர்ந்து நடத்தும் வகுப்பு அது. சொல்லித்தருவது இலவசம், வயலின் இரவல், வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் வயலின் கொடுத்தவர்கள் வாசிக்க ஒரு இடமும் கொடுத்திருக்கலாம். இவர்கள் வீட்டுச் சுவர் பேருக்குத்தான் சுவர். அதற்கு அந்தப் பக்கம் இரவுக் காவலாளி ஒருவர் பகலெல்லாம் தூங்குவார். முதல் நாளே வந்து கதவைத் தட்டினார்.

"கோவிச்சுக்காதம்மா. நான் பகல்ல தூங்கினாத்தான் ராத்திரி முழிச்சிருக்க முடியும். முழிச்சிருந்தாத்தான் எனக்குச் சோறு."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவர் வேலைக்குக் கிளம்பினால் கீழே வீட்டுக்காரர் இருக்கிறார். பொழுது சாய்ந்தபின் யாரும் மூச்சுவிடக்கூட அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அதனால் பட்டாசு, வில்லைக் கம்பியில் படாமல் ஒரு நூல் உயரத்தில் பிடித்துக்கொண்டு வாசிப்பாள். விரல்கள் ஓடும், வில் போகும் வரும், சத்தம் மட்டும் வராது.

"என்னடி, ஊமைப்படம் ஓட்டறே?" என்று அம்மா கேலி செய்வாள். செய்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பெற்ற மகள் வயலின் வாசிக்கிறாள், அதைக் கேட்க இவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. வகுப்பு நேரத்தில் இவள் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே நின்றிருப்பாள். சில நாள் அந்த இரைச்சலுக்குள்ளே ஒரு வயலின் கேட்கிற மாதிரி இருக்கும். கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஏங்கிப்போய்க் கேட்பாள். ஏதாவது பெல்ட் தேய்கிற சத்தமாக இருக்கும்.

வகுப்பில் ஆண்டுவிழா என்றதும், கூட வேலை பார்க்கிற அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடிக் காலை ஷிப்டை மாற்றிக்கொண்டாள். "மத்தியானத்துக்குள்ள வந்துடுடி. மேஸ்திரி வாயில விழ என்னால ஆகாது" என்றாள் அக்கா. இதை விட்டால் வேறு வாய்ப்பும் இல்லை. விழா முடிந்த கையோடு வயலின்களைத் திருப்பி வாங்கிப் பூட்டிவிடுவார்கள். நீண்ட விடுமுறை முடிந்த பிறகுதான் மறுபடி கொடுப்பார்கள்.

விழா நாள் காலை மகள் தலை பின்னிக்கொள்ள மாடிவீட்டுத் தோழியிடம் போயிருந்தாள். அம்மா ஆசையாகப் பெட்டியைத் திறந்தாள். வில்லின் இழைகள் முழுக்க வெள்ளைத் தூசி. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அவளுக்குச் சுருக்கென்றது. இரவல் வாங்கின பொருளை இந்தக் கோலத்திலா மேடை ஏற்றுவது? வளர்த்தவளைத்தானே நாலு பேர் சொல்வார்கள்? வெதுவெதுப்பான தண்ணீர், வேலை இடத்துச் சோப்புத்தூள் ஒரு சிட்டிகை, பழைய பல் பிரஷ். பிறந்த குழந்தையின் சட்டையை அலசுவதுபோல அலசி, மின்விசிறிக்கு அடியில் காயவைத்தாள். இழைகள் பளிச்சென்று ஆகிவிட்டன. மகளிடம் சொல்லவில்லை. அவளே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டாள்.

அரங்கத்தில் நன்கொடை கொடுத்த பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார், பிடித்தவர் விடவில்லை. "இந்தப் பிள்ளைகளின் இசை என்னை உருக்கிவிட்டது" என்றார். அதுவரை ஒரு பிள்ளைகூட வாசித்திருக்கவில்லை. அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதும் மேடையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

ஒருவழியாகப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். இரண்டாவது வரிசையில் பட்டாசு. அம்மா வேறு யாரையும் பார்க்கவில்லை. எத்தனையோ வயலின்களுக்கு நடுவே மெல்லிசாக, இனிமையாக ஒன்று கேட்டது. அதுதான் தன் மகள் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினாள். டீச்சர் பட்டாசின் வில்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் இதைக் கழுவினது? ரோசின் மொத்தமும் போயிடுச்சே! இந்தப் பிசின் தூள் ஒட்டியிருந்தாத்தான் கம்பி பேசும். இன்னிக்கு இதுலேர்ந்து பொட்டுச் சத்தம் வந்திருக்காது."

"நான்தான் டீச்சர், தெரியாம கழுவிட்டேன்" என்றாள் பட்டாசு சட்டென்று. அந்தச் சோப்பு வாசனை அவளுக்குத் தெரியாதா என்ன? அம்மாவைக் கட்டிக்கொண்டுதானே தினமும் தூங்குகிறாள்.

"பொய் சொல்றா. நான்தாங்க கழுவினேன்" என்றாள் அம்மா. அப்புறம் மகளைப் பார்த்து, "அப்போ மேடையில நீ…?"

"நீ என்னையே பாத்துட்டிருந்தேம்மா. எப்படி நிறுத்தறது? வீட்ல வாசிக்கிற மாதிரியே வாசிச்சேன்."

இத்தனை நாள் ஏங்கினதைத் தன் கையாலேயே அலசி ஊற்றிவிட்டாளே. கேட்டு அழுதது யார் பெற்ற பிள்ளையின் வயலினோ!

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. ஒரு ரோசின் கட்டியை நீட்டினார். "உன் வயலினைக் கடைசியா வாங்கிக்கறேன், போ."

பின்வாசல் படியில் உட்கார்ந்து பட்டாசு பொறுமையாகத் தேய்த்தாள். இழைகளில் மறுபடி வெள்ளை ஏறியது. எழுந்து நின்று வாசித்தாள். அம்மா குனிந்து காதைக் கொடுத்தாள். உள்ளே நாற்காலி அடுக்கும் சத்தம்தான் கேட்டது.

"சத்தமா வாசிடி."

"வரலம்மா. டீச்சர்கூட, எல்லார்கூடவும்னா வருது. தனியா வாசிச்சா கை தானா மேல தூக்கிக்குது."

சோப்பில் வெடித்துப்போன தன் கையை அம்மா மகளின் கைமேல் வைத்தாள்.

"அழுத்துடி கண்ணு. இங்க யாரும் தூங்கல."

பட்டாசு அழுத்தினாள். கிறீச்சென்று ஒரு சத்தம் தெருமுனை வரை போனது. யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த இழுப்பில் அது பாட்டாக மாறியது. தெருவில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ் வந்து நின்றது.

"அம்மா, உன் பஸ்சு!" என்று வில்லை நிறுத்தினாள் மகள்.

"அது போவட்டும். நீ முதல்லேர்ந்து வாசி."